பனிக்கடலுக்குள் ஒரு பட்டம்

வெளியூர்க்காரர் ஒருவர் சித்திரை மாதத்தில் உத்திரமேரூருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைக் காண்கிறார். 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றொரு குழு பேசப்படுவதைக் கேட்டறிந்து, "அந்த ஏரி எங்கே?" என்று விசாரித்துக்கொண்டு போய்க் கரைமேல் ஏறி நிற்கிறார். அங்கே ஆடுகள் மேய்கின்றன. வெடித்துக் கிடக்கும் வண்டலில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். "இந்தப் பொட்டலைக் காக்கவா ஒரு வாரியம் அமைத்தார்கள்?" என்று அவர் கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். "ஐப்பசி கார்த்திகையில் வந்து பாருங்கள் ஐயா" என்போம்.

கோடையில் மட்டும் வந்து போகிறவருக்கு ஏரியின் கதை தெரியாது. தண்ணீர் எந்த வாரத்தில் வந்தது, எவ்வளவு வேகமாக ஏறியது, கலங்கல் எத்தனை நாள் வழிந்தது என்பதெல்லாம் அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு மதகடியில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

உலகின் வடகோடியில் உள்ள ஆர்க்டிக் கடலைப் பற்றி மனிதன் அறிந்திருந்தது நெடுங்காலம் அந்த வெளியூர்க்காரர் அறிந்த அளவில்தான் இருந்தது. கோடையில் பனி விலகும்போது கப்பல்கள் போகும், நீரை அளக்கும், குளிர் வருமுன் திரும்பிவிடும். பிறகு கடல் உறையும், இருள் சூழும். அந்த எட்டொன்பது மாதங்களில் நீருக்கடியில் என்ன நடக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் சிலர், உத்திரமேரூர் ஏரிக்கரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பள்ளிக்கரணையில் வேலை செய்தவர்கள் என்றால் நம்புவீர்களா?

முதலில் போனது தென்கோடிக்கு

துருவக் கடலுக்கு நம் நாடு முதலில் அனுப்பிய ஆராய்ச்சிக் கப்பல் தெற்கு நோக்கித்தான் போயிற்று. 1981 டிசம்பர் 6 ஆம் நாள் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்னும் வாடகைக் கப்பல் புறப்பட்டது. நார்வே நாட்டுக் கப்பல் அது. அதில் சென்ற 21 பேருக்குத் தலைவர், கடலியல் அறிஞர் சையத் ஜாகூர் காசிம். 1982 ஜனவரி 9 ஆம் நாள் அவர்கள் அண்டார்க்டிகாவில் கால் வைத்தார்கள். அதுவரை இப்பயணம் வெளியில் பேசப்படவே இல்லை.

மூன்றாவது பயணத்தின்போது, 1983-84 இல், தட்சிண கங்கோத்ரி என்னும் நிலையம் கட்டப்பட்டது. கடல் உயிரியல் அறிஞர் அதிதி பந்த், நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தா ஆகிய இரு பெண்மணிகள் அண்டார்க்டிகா சென்றது இப்பயணத்தில்தான். ஆனால் நிலையம் நின்றது கடல்மேல் நீண்டு கிடக்கும் பனித்தட்டின் மீது. ஆண்டுதோறும் கொட்டிய பனி அதை மூடிக்கொண்டே வந்தது. 1990 இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் 1989 இல், பனி மூடாத பாறைத் தரையில் மைத்ரி என்னும் இரண்டாவது நிலையம் எழுந்துவிட்டது. துருவப் பகுதியில் விஞ்ஞானி என்ன கேள்வி கேட்கலாம் என்பதை, அங்கே நிலைத்து நிற்கக்கூடிய பொருளைச் செய்துதரும் பொறியாளரும் சேர்ந்தே முடிவு செய்கிறார் என்பதை நம்மவர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

வடதுருவத்தின் முறை பின்னர் வந்தது. கோவாவில் 1998 இல் தொடங்கப்பட்ட தேசிய துருவ ஆராய்ச்சி மையம் 2007 இல் ஐந்து விஞ்ஞானிகளை ஆர்க்டிக்கிற்கு அனுப்பியது. ரசிக் ரவீந்திரா அக்குழுவுக்குத் தலைவர். மறு ஆண்டு ஜூலை முதல் நாள், ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள நி-ஓலசுண்ட் என்னும் சிற்றூரில் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. நார்வே நாட்டின் ஆட்சியில் உள்ள அத்தீவில் நாம் எந்த உரிமையில் ஆராய்ச்சி செய்கிறோம் என்று கேட்கலாம். 1920 ஆம் ஆண்டின் ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் அப்போதைய பிரிட்டிஷ் இந்தியாவும் சேர்க்கப்பட்டிருந்தது. அடிமை நாடாக இருந்த காலத்தில் நம் பெயரில் பிறர் போட்ட கையெழுத்து இப்படியும் ஒரு நாள் பயன்பட்டது!

அரசன் கால்வாய்

நி-ஓலசுண்ட் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 இல் நேர்ந்த கோர விபத்துக்குப் பின் சுரங்கம் மூடப்பட்டது. ஊர் ஆராய்ச்சிக் களமாக மாறியது. உத்திரமேரூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரி வடக்கே உள்ளது. நி-ஓலசுண்ட் ஏறத்தாழ 79 டிகிரி. அங்கே அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மீண்டும் தலைகாட்டும்.

ஊருக்கு முன்னே கடல் ஒரு நீண்ட விரலைப்போல் நிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. பழைய பனியாறுகள் மலையைக் குடைந்து உண்டாக்கிய இத்தகைய பள்ளத்தாக்குக் கடலுக்கு ஃபியோர்டு என்று பெயர். இதன் பெயர் கோங்ஸ்ஃபியோர்டன். அரசன் ஃபியோர்டு என்று பொருள். இதன் உட்கோடியில் பனியாறுகள் நேரே கடலில் இறங்குகின்றன. வாய்ப்புறமோ, அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் போகும் வழியை ஒட்டியிருக்கிறது. உள்ளே பனி, வெளியே வெப்பநீர். இரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறியை ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதுபோல் இங்கே பார்க்கலாம். விஞ்ஞானிகள் இந்த ஃபியோர்டை விரும்புவதற்கு இதுவே காரணம்.

குளிர்காலம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். பாதி உறைந்ததும் பனியைத் தனியே எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு வாயில் போடுங்கள். பிறகு டம்ளரில் மிஞ்சிய நீரைச் சுவையுங்கள். பனியில் உப்பு குறைவாகவும் மிஞ்சிய நீரில் மிகுதியாகவும் இருப்பதை நாக்கே சொல்லிவிடும். நீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. ஆர்க்டிக் கடலும் குளிர்காலத்தில் இதைத்தான் செய்கிறது. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் கடல்நீர் உறையத் தொடங்குகிறது. அது தள்ளிய உப்பால் கீழுள்ள நீர் கனத்து அடியில் இறங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப வேறு நீர் வருகிறது. உலகப் பெருங்கடல்களின் ஆழ்ந்த நீரோட்டங்களை இயக்கும் சக்திகளுள் இதுவும் ஒன்று. இது நடப்பது கப்பல்கள் அங்கே இல்லாத மாதங்களில்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உறைந்து வந்த இந்த ஃபியோர்டு, 2006 இன் தொடக்கத்தில் உறையத் தவறியது. நடுக்குளிர்காலத்தில் அட்லாண்டிக்கின் வெப்பநீர் உள்ளே பாய்ந்திருந்தது. எவ்வாறு தெரிந்தது? ஸ்காட்லாந்து, நார்வே விஞ்ஞானிகள் கடலுக்குள் விட்டுவைத்திருந்த கருவிகள் அந்த வெப்பத்தைக் குறித்து வைத்திருந்தன. கோடையில் மட்டும் போய்ப் பார்த்திருந்தால், வந்த வெள்ளத்தை விட்டுவிட்டு வண்டலை மட்டும் அளந்தவர்களாக இருந்திருப்பார்கள்.

நமக்கென்ன?

உத்திரமேரூர் ஏரிக்கு வடகிழக்குப் பருவமழையே பெரும்பங்கு தருகிறது. தென்மேற்குப் பருவமழையும் கணிசமாக உதவுகிறது. செய்யாற்றுத் தண்ணீரும் கால்வாய் வழியே வருகிறது. ஆர்க்டிக் பனிக்கும் இதற்கும் என்ன உறவு என்ற கேள்வி நியாயமானது. பதிலும் நியாயமாக இருக்க வேண்டும்.

1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்று 2022 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வெள்ளை வேட்டி வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் குடை அதை உறிஞ்சும். பனி உருகினால் வேட்டி இருந்த இடத்தில் குடை விரிந்ததாக ஆகிறது. அங்கே ஏறும் சூடு உயரக் காற்றோட்டங்களின் பாதையை மாற்றக்கூடும். காரா கடலில் கோடைப்பனி குறையும் ஆண்டுகளில், செப்டம்பர் மாதம் மத்திய இந்தியாவில் பெருமழை கொட்டுவதற்கு ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவா மையத்தைச் சேர்ந்த சௌரவ் சட்டர்ஜி, எம். ரவிச்சந்திரன் முதலியோர் 2021 இல் எழுதினார்கள். 'இருக்கக்கூடும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பேசப்பட்டது மத்திய இந்தியா. நம் ஏரி அல்ல. அங்கே பனி உருகினால் இங்கே மழை பொய்க்கும் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பவேண்டாம். தொடர்பை உறுதி செய்வதற்கு நீண்ட ஆண்டுக் கணக்குகள் வேண்டும். ஏரியின் சுபாவத்தை ஒரு வருஷத்து மழையை வைத்து யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

பள்ளிக்கரணையில் கோத்த மாலை

ஆகவே, ஆண்டு முழுதும் அந்த ஃபியோர்டில் இருந்துகொண்டு அளக்கும் ஒரு கருவி வேண்டும் என்று துருவ விஞ்ஞானிகள் விரும்பினார்கள். அதைச் செய்துதரும் பொறுப்பு, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தது. 1993 இல் நிறுவப்பட்ட இக்கழகம், வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுத்தி அலை, காற்று, வெப்பநிலை ஆகியவற்றை அளந்து பழக்கப்பட்டது. அந்த மிதவைகளுக்கு முக்கிய எதிரி புயல் என்று நினைப்பீர்கள். மனிதர்களும்தான்! மிதவையைச் சுற்றி மீன் கூடும், மீன் பிடிக்க வருபவர்கள் படகைக் கட்டுவார்கள், கருவி உடையும். துருவத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாகப் பனிக்கட்டி இருக்கிறது.

நம் கடலில் மிதவை நீர்மேல் மிதக்கும். ஆர்க்டிக்கில் அப்படி விட்டால் மிதந்து வரும் பனிமலை அதை நொறுக்கிவிடும். எனவே முழுக் கருவியையும் நீருக்குள்ளேயே நிற்க வைக்க வேண்டும். ஆனால் கயிறு தானாக நிற்குமா?

பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனை தரையில் உங்கள் கையில்; மறுமுனையைக் காற்று மேலே இழுக்கிறது; நூல் விறைப்பாக நிற்கிறது. கடலடியில் கனத்த நங்கூரம் ஒன்று கையின் வேலையைச் செய்கிறது. மேல்முனையில் கட்டிய மிதவை உருண்டைகள் பட்டத்தின் வேலையைச் செய்கின்றன. இடையில் விறைத்து நிற்கும் கயிற்றில், மாலையில் பூவைப்போல், வெவ்வேறு ஆழங்களில் கருவிகளைக் கட்டிவிடலாம்.

எளிதாகத் தோன்றுகிறதல்லவா? மேல்முனை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் விஞ்ஞானிக்கும் பொறியாளருக்கும் வழக்கு எழும். காற்றோடும் பனியோடும் உறவாடுவது மேற்பரப்பு நீர்தான். ஆகையால் "இன்னும் மேலே" என்பார் விஞ்ஞானி. மேலே போகப்போகப் பனிக்கட்டியின் அடிப்பகுதி இடிக்கும் ஆபத்து மிகும். "இன்னும் கீழே" என்பார் பொறியாளர். இந்தியக் கருவிக்கயிற்றின் சிறப்பே, மேற்பரப்பை ஒட்டிய நீரையும் அளக்க முயன்றதுதான்.

கருவிகளின் பாடு தனி. உப்பை அளக்கும் கருவி உப்பை எடைபோடுவதில்லை. உப்பு மிகுந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். பாய்ச்சலை அளந்து, வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உப்பின் அளவு கிடைக்கும். நீரோட்டத்தின் வேகத்தை அளக்கப் பெரும்பாலும் ஒலி உதவுகிறது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒருவிதமாகவும், கடந்து போனபின் வேறுவிதமாகவும் கேட்கிறதே, அதே தத்துவம்தான். வெப்பமானியோ ஒரு டிகிரியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு மாற்றத்தையும் காட்ட வேண்டும். அவ்வளவு நுட்பமான கருவி ஓராண்டில் சிறிது தடம் மாறிவிடலாம். எனவே, மளிகைக் கடை எடைக்கல்லுக்கு முத்திரை வைப்பதுபோல, கடலுக்குப் போகுமுன்னும் மீண்டு வந்தபின்னும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். பேட்டரிக்கும் குளிர் ஆகாது. உள்ளே நடக்கும் ரசாயன மாற்றம் மந்தப்பட்டுச் சக்தி குறையும். அதனால் கருவி ஓயாமல் விழித்திருப்பதில்லை. குறித்த நேரத்துக்கு ஒருமுறை கண் திறந்து, அளந்து, எழுதி வைத்துவிட்டு மீண்டும் உறங்கும்.

2014 ஜூலை 23 ஆம் நாள், நார்வே துருவக் கழகத்தின் 'லான்ஸ்' என்னும் கப்பலிலிருந்து இக்கருவிக்கயிறு கோங்ஸ்ஃபியோர்டனில் இறக்கப்பட்டது. இந்தியா, ஆர்க்டிக் என்னும் இரு பெயர்களையும் ஒட்டி 'இண்ட்ஆர்க்' என்று பெயரிட்டார்கள். நீரின் ஆழம் 192 மீட்டர். வடதுருவம் அங்கிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கயிற்றில் பத்துக் கருவிகள். பள்ளிக்கரணையில் மிதவைப் பணிகளுக்குத் தலைமை வகித்த ஆர். வெங்கடேசன், அருள் முத்தையா, கேசவகுமார், கோவா மையத்தின் கே. பி. கிருஷ்ணன், டி. டி. திவ்யா ஆகியோர் இப்பணியைப் பற்றி எழுதிய ஆய்வுரையில் இடம்பெற்றவர்கள். எம். ஏ. ஆத்மானந்த் சென்னைக் கழகத்துக்கும், எஸ். ராஜன் கோவா மையத்துக்கும் அப்போது இயக்குநர்கள்.

கொக்கி திறக்குமா?

இறக்கியது பாதி வேலைதான். நீருக்குள் இருக்கும் கருவி தான் அளந்ததை வானொலி வழியே அனுப்ப முடியாது. உப்புநீர் வானொலி அலைகளை விழுங்கிவிடும். மேலே கம்பி நீட்டினால் பனி முறித்துவிடும். ஆகவே ஓராண்டுக் கணக்கும் கருவியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். கருவி மீண்டு வந்தால் குளிர்காலம் முழுவதும் கிடைக்கும். வராவிட்டால் ஓர் எண்கூடக் கிடைக்காது.

அதை எப்படி மேலே கொண்டுவருவது? நங்கூரத்துக்குச் சற்று மேலே ஒரு கொக்கி இருக்கிறது. ஓராண்டு கழித்துக் கப்பல் அதே இடத்துக்கு வந்து, நீருக்குள் ஓர் ஒலிக்குறியை அனுப்பும். குளிர்ந்த கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் வேகத்தில் போகிறது. 192 மீட்டர் ஆழத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அடைந்துவிடும். கொக்கி அக்குறியைக் கேட்டதும் திறந்துகொள்ளும். நங்கூரம் கடலடியிலேயே கிடக்க, மிதவைகள் கயிற்றையும் கருவிகளையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். நூல் அறுந்த பட்டம்தான். ஆனால் வேண்டுமென்றே அறுத்தது.

பனிப்பாறை வெடிக்கும் ஓசையோ, திமிங்கிலத்தின் குரலோ கொக்கியைத் தவறித் திறந்துவிடக் கூடாது. ஆகவே ஒலிக்குறி, பூட்டுக்கேற்ற சாவிபோல் தனிப்பட்டதாக இருக்க வேண்டும். உரிய குறி வரும்போதோ, ஓராண்டு உப்புநீரில் ஊறியிருந்தும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ இருபது கிலோ அழுத்தம் இருந்தும், அது தயங்காமல் திறக்க வேண்டும். ஒரு கொக்கியை மட்டும் நம்பாமல் இரண்டை இணையாகக் கட்டுவது கடலியலாரின் வழக்கம். திருமணத்தில் இரண்டு நாதசுரக்காரரை அழைப்பதுபோல் அல்ல. ஒன்று ஊமையானால் மற்றொன்று பேச வேண்டும் என்பதற்காக.

2015 இல் கொக்கி திறந்தது. இண்ட்ஆர்க் மீட்கப்பட்டது, அதன் குறிப்புகளைப் படித்தபின் மீண்டும் கருவிக்கயிறு இறக்கப்பட்டது. அட்லாண்டிக் நீர் இந்த ஃபியோர்டுக்குள் புகுவது அண்மை ஆண்டுகளில் எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்பதைத் திவ்யாவும் கிருஷ்ணனும் 2017 இல் வெளியிட்டார்கள். மனிதர்களும் குளிர்காலத்தை அப்படியே விட்டுவிடவில்லை. 2023 டிசம்பரில் இந்தியாவின் முதல் குளிர்காலக் குழு ஹிமாத்ரிக்குப் புறப்பட்டது.

பனியின் பேச்சு

பள்ளிக்கரணைக்காரர்கள் அந்த ஃபியோர்டில் நீருக்கடியில் ஒலி வாங்கும் கருவியையும் வைத்தார்கள். அக்கழகத்தில் கடலொலியை ஆராய்ந்த ஜி. லதா, எம். அசோகன் முதலியோர், பனிப்பாறைகள் விரிசல் விடும் ஓசையை அந்தப் பதிவுகளில் அடையாளம் கண்டு 2016 இல் எழுதினார்கள். கண்ணால் காண முடியாத இருட்டிலும் பனி உடைவதைக் காதால் கணக்கெடுக்கலாம் என்பது இதில் உள்ள பெரிய வசதி.

துருவக் கடல் உறைந்து அமைதியாகக் கிடக்கும் என்று நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் பனியாறுகள் இறங்கும் ஃபியோர்டுகள் உலகின் இரைச்சல் மிக்க கடற்பகுதிகளில் சேர்ந்தவை. விழுந்த பனி காலப்போக்கில் அமுங்கி இறுகும்போது காற்றையும் சிறு குமிழிகளாக உள்ளே சிறைப்பிடித்துக்கொள்கிறது. அந்தப் பனி கடலில் கரையும்போது, அழுத்தத்தில் இருந்த குமிழிகள் படபடவென்று வெடிக்கின்றன. சுடும் எண்ணெயில் கடுகு வெடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கோடிக்கணக்கான கடுகு. நம் முன்னோர் காலத்தில் வீசி அடைபட்ட காற்று, ஒவ்வொரு குமிழியாக வெளியேறும் ஓசை அது.